ஆறு மைலுக்கு அப்பால் இருந்த சாட்சி

பாலிகெர்ன் நீதிமன்ற அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெறும் திருமதி டிம்ப்னா ராஃபர்ட்டி அவர்களுக்கு அலுவலகத் தோழர்கள் படித்தளிக்கும் பாராட்டு மடல்

அன்பும் அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்தவரே, அழைப்பாணையில் அச்சிட்ட பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு என்பதை ஒருநாளும் மறவாதவரே, பிடியாணைப் பிரிவின் பெருந்தூணே, தேநீர் ஆறினாலும் வேலையை ஆறப்போடாதவரே, எங்கள் டிம்ப்னா அம்மையாரே, வணக்கம்.

பாராட்டு மடலில் கோபத்துக்கு இடமில்லை என்பார்கள். எங்களுக்கும் அது தெரியும். மேலிடத்திலிருந்து ஒரு மாதிரி மடல் வந்தது. பெயரையும் ஆண்டையும் நிரப்பிப் படித்தால் போதும். அதில் ஒரு வரி: "புதிய ஏற்பாடுகளுக்கு நம் துறை இனிதே மாறிய காலத்தில் உறுதுணையாக நின்றவர்." இந்த வரியை நாங்கள் உரக்கப் படித்தபோது, நீதிமன்ற அறையில் ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஐவன் கத்பர்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இனிதேவா? இத எழுதினவன கூட்டிட்டு வாங்க. நம்ம வராந்தாவுல ஒரு வாரம் உக்கார வைப்போம்" என்றார்.

அந்த மாதிரி மடல் இப்போது நகலெடுக்கும் இயந்திரத்தின் கால் ஆடாமல் இருக்க உதவுகிறது. இது நாங்களே எழுதியது.

இனிதே மாறியது எது என்பதை, வந்திருக்கும் விருந்தினருக்காகச் சற்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பொறுத்துக் கேளுங்கள். பிடியாணைகளைச் சுமந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் அதை உடைத்தவர்கள் மேல் எங்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்பதும் தெரியும்.

லண்டனிலிருந்து ஆளப்படும் நம் நாடும், தெற்கே இருக்கும் அயர்லாந்துக் குடியரசைப் போலவே, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், தப்பி ஓடியவரைப் பிடிக்க எல்லா நாடுகளுக்கும் ஒரே படிவம் இருந்தது. யார், என்ன குற்றம், எந்த நீதிமன்றம் கேட்கிறது, எத்தனை ஆண்டு தண்டனைக்குரியது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இங்கே ஒரு நீதிபதி கையெழுத்திட்டால், அங்கே இன்னொரு நீதிபதி அதைத் தன் சகா சொன்ன சொல்லாக ஏற்றுக்கொள்வார். அமைச்சர்கள் நடுவில் வரமாட்டார்கள். இதற்குத் துணையாக ஒரு பொதுத் திரை இருந்தது. இங்கிருந்து ஏற்றிய பெயர் சில நிமிடங்களில் ஒரு துறைமுகக் காவலர் முன்பும், ஏதோ ஒரு மலைப்பாதையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலர் முன்பும் ஒரேபோல் தோன்றும். அவர் பாலிகெர்ன் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். பெயரைத் தட்டினால் போதும்.

இந்தப் படிவங்களைப் பதினாறு ஆண்டுகள் நிரப்பியவர் நீங்கள். ஒரு கட்டம்கூடத் தவறாக நிரம்பித் திரும்பி வந்ததில்லை.

இனி பெர்னார்ட் டோனல்லியின் கதைக்கு வருகிறோம்.

பெர்னார்ட் எங்கள் ஊர்த் தபால்காரர். 2019 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நன்றாக இருட்டிய பிறகு, சைக்கிளில் வீடு திரும்பும்போது ஒரு லாரி அவரைப் பின்னாலிருந்து அடித்துத் தள்ளியது. லாரி நிற்கவில்லை. அதைப் பார்த்தது ஒரே ஒருவர். சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த மரிவிக் வைட்குவீனே. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். லிதுவேனியக்காரரான ரிமாஸ் அவருடைய கணவர். இருவருக்கும் வீடு தெற்கே, அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்த ட்ரம்லாராவில். ரிமாஸ் அப்போது வடக்கே நம் ஊர் மர ஆலையில் வேலை பார்த்தார். வெள்ளிதோறும் மரிவிக் பேருந்தில் வந்து கணவரோடு சேர்ந்து, அந்த வாரத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். அன்றும் அப்படித்தான் வந்திருந்தார். லாரியின் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு ஓடிப்போய், பெர்னார்டின் பக்கத்தில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்திருந்தார். பெர்னார்ட் பிழைக்கவில்லை.

லாரிக்காரன் பிடிபட்டான், ஜாமீனில் வெளியே வந்தான், அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் காணாமல் போனான். டிசம்பர் இரண்டாம் வாரம் நீங்கள் படிவம் நிரப்பினீர்கள். அவன் பெயர் திரையில் ஏறியது. அங்கே அது இருந்தது பதினெட்டே நாள். நாம் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதாக அறிவித்தாயிற்று என்றாலும் பழைய விதிகளுக்கு அந்த ஆண்டின் கடைசி நாள்வரை உயிர் இருந்தது. அந்த நாளோடு நாம் ஏற்றிய பெயர்கள் அத்தனையும் பொதுத் திரையிலிருந்து ஒன்றாக அழிக்கப்பட்டன. பிடியாணை சாகவில்லை, அதைப் பிறர் கண்ணில் காட்டும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மாற்று வழி உண்டு என்றார்கள். உண்டுதான். வேறொரு சர்வதேச அமைப்பின் மூலம் அறிவிப்பு அனுப்பலாம். ஆனால் அந்த அறிவிப்பை ஒவ்வொரு நாடும் தன் பதிவேட்டில் தன் கையால் மறுபடி ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் உண்டு, ஏற்றாவிட்டால் யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் அது தூங்கும். அந்த லாரிக்காரன் ஜனவரியில் ஒரு துறைமுகத்தைச் சாவதானமாகக் கடந்தான். மார்ச்சில் ஸ்பெயினில் வேகமாக ஓட்டியதற்காக நிறுத்தப்பட்டு, பெயரைச் சொல்லி, அபராதம் கட்டி, ரசீதும் வாங்கிக்கொண்டு போனான். அந்த ரசீது பின்னாளில் அவன் லாரியிலேயே கிடைத்தது. சொந்தப் பெயரில் இருந்தது. ஒளிந்துகொள்ளக்கூட அவசியமில்லாத அளவுக்கு அவனுக்கு வசதி செய்து கொடுத்திருந்தோம்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. நாம் வெளியே வந்த மூன்றாம் மாதம், ஆறு மைல் தெற்கே இருப்பவர்கள் அதே திரைக்குள் முதன்முறையாக நுழைந்தார்கள். ட்ரம்லாரா நீதிமன்றப் பதிவாளர் ஃபின்டன் ட்ரேனர் அன்றே தொலைபேசியில் உங்களைப் பிடித்துவிட்டார்.

"எங்களுக்கு வந்திருச்சு டிம்ப்னா, ரொம்ப நல்லா இருக்கு. வேணும்னா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கோ."

"மொதல்ல ஜன்னலத் தொடைச்சு வை. வர்றேன்" என்றீர்கள் நீங்கள்.

சளைக்காத சிந்தையரே, அதன்பின் நீங்கள் செய்ததை யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. மாதம் ஒரு நாடு என்று வைத்துக்கொண்டு, அந்தப் பிடியாணையை அந்தந்த மொழியில் பெயர்த்து, புகைப்படம் சேர்த்து, லாரி நிறுத்துமிடங்கள் இருக்கும் ஊர்களின் காவல் நிலையங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். நான்கு ஆண்டுகள். 2024இல் போர்ச்சுகலில் ஒரு சின்ன ஊர்க் காவலர், அப்படி வந்த தாளைத் தன் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருந்தவர், வெளியே ஒரு காப்பிக் கடையில் அந்த முகத்தைப் பார்த்தார். மறு வசந்தத்தில் அவனைக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை வழக்கு விசாரணை தொடங்க நாள் குறித்தாயிற்று.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறோம். பாராட்டு மடலில் பிழையைச் சொல்வதா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. "அதச் சொல்லலன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று நீங்களே சொல்லிவிட்டதால் சொல்கிறோம்.

மரிவிக்குக்கு அழைப்பாணை அனுப்பியதும் அவர் தொலைபேசியில் கேட்டார்.

"அம்மா, வேற ஏதாவது தாள் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் மரிவிக். அழைப்பாணைய கையில வெச்சுக்கோங்க. எட்டு பத்து பஸ்ஸப் பிடிங்க. கோர்ட் வாசல்லயே எறக்கிவிடுவாங்க."

இந்தப் பிழையை எல்லையோரத்தில் பிறந்தவர்கள் மட்டும்தான் செய்ய முடியும். லண்டனில் பிறந்தவருக்கு எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. அது அவருக்கு எப்போதும் நினைவிருக்கும். நாம் பெட்ரோல் போட ஒரு பக்கம் போகிறோம், பல் பிடுங்க இன்னொரு பக்கம் போகிறோம். நம்மில் பாதிப் பேரின் பாட்டன் வீட்டுச் சமையலறை அங்கும் மாட்டுத்தொழுவம் இங்கும் இருந்தன. சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், வேறு நாட்டுச் சேவைக்கு மாறும் போன் ஒருமுறை சிணுங்கும், அவ்வளவுதான் எல்லை. பட்டாளத்துக்காரர்கள் அந்தக் கோட்டில் மணல்மூட்டை அடுக்கிக் காவல் நின்ற காலத்தில் பள்ளிக்குப் போனவர் நீங்கள். அவர்கள் போனபின் அந்தக் கோட்டை மறப்பதையே ஒரு நோன்பாகக் கொண்டவர்கள் உங்கள் தலைமுறையினர். பிடியாணை கடக்க முடியாத எல்லையைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். பேருந்து கடக்க முடியாத எல்லை உண்டு என்பது மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை.

உண்டு. நாமும் தெற்கே இருப்பவர்களும் கேள்வி இல்லாமல் போய்வரலாம். அது பழைய ஒப்பந்தம், இன்றும் இருக்கிறது. ஆனால் மரிவிக் வந்துபோனது வேறொரு அடிப்படையில். ஒன்றியக் குடிமகனின் மனைவி என்று தெற்கே அவருக்குக் கொடுத்த அட்டையை வடக்கேயும் ஏற்றுக்கொண்டிருந்தோம். கணவரோடு சேர அதைக் காட்டி வரலாம். வெளியேறிய அந்தக் கடைசி நாளோடு அட்டை வெறும் பிளாஸ்டிக் ஆனது. அதே பெண், அதே கணவர், அதே பேருந்து, அதே இருக்கை. இனிமேல் ஆறு மைல் வர விசா வேண்டும். அதற்குப் பணம் கட்டி, டப்ளினுக்குப் போய்க் கைரேகை வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சந்திப்புகள் நின்றுபோயின. ரிமாஸ் ஆலை வேலையை விட்டார். கோர்ட்டே கூப்பிட்டால் அது வேறு கணக்கு என்று மரிவிக் நம்பினார். நம்பியது அவர் குற்றமா?

திங்கள் காலை, எல்லைக்கு மூன்று மைல் உள்ளே, குடிவரவு அலுவலர்கள் இருவர் பேருந்தில் ஏறினார்கள். நடந்ததை ஓட்டுநர் பிறகு வந்து நம் வராந்தாவில் சொன்னார்.

"பத்தொம்பது பேர் இருந்தாங்க. ஒருத்தரையும் கேக்கல. நேரா கடைசி சீட்டுக்குப் போனாங்க, அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்து. நான் சொன்னேன், முன் சீட்டுல என் மச்சினன் இருக்கான், அவன்ட்டயும் கேளுங்க, அவன் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லன்னு. என்னைய ரோட்டப் பாக்கச் சொல்லிட்டாங்க."

மரிவிக் அழைப்பாணையை நீட்டினார். அரச முத்திரை இருந்தது, நீதிமன்றத்தின் பெயர் இருந்தது, உங்கள் கையெழுத்து இருந்தது. "இது விசா இல்ல" என்றார் அலுவலர். அரசு ஒரு கையால் "வராவிட்டால் தண்டனை" என்று எழுதி அழைத்தது. மறு கையால் "வந்ததே குற்றம்" என்று தள்ளியது. இரண்டும் ஒரே அரசின் கைகள். மதியத்துக்குள் அவரை ஒரு வேனில் ஏற்றி ட்ரம்லாராவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், அனுமதியின்றி நுழைந்தவர் என்று பெயருக்கெதிரே ஒரு குறிப்பையும் எழுதிவைத்துக்கொண்டு.

நீதிமன்றத்தில் ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டு வாதம் நடந்தது. சாட்சி நாட்டுக்கு வெளியே இருப்பதால், அவர் அன்று போலீசிடம் எழுதிக்கொடுத்ததை வாசித்துவிடலாம் என்றார் அரசு வழக்கறிஞர். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். சாட்சியை வெளியே தள்ளியதே அரசு. தள்ளியவரே 'ஐயோ, ஆள் இல்லையே' என்று சலுகை கேட்கலாமா. என் கட்சிக்காரர் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது, ஒரு காகிதத்தையா என்றார். அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. நீதிபதி கோர்மனும் அப்படித்தான் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது. சாட்சி பேசாவிட்டால் வழக்கு அன்றே விழும்.

அப்போது நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்தீர்கள்.

"ஐயா, தப்பு என்னுது. அந்தப் பொண்ணு கேட்டாங்க, தாள் வேணுமான்னு. வேணாம்னு நான்தான் சொன்னேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அந்த ரோட்டுல எத்தன தடவ போயிருப்பீங்க டிம்ப்னா?"

"எண்ணினதில்லீங்க ஐயா. சனிக்கிழமகூட முடி வெட்டிக்கப் போனேன்."

அவர் வியாழக்கிழமை காலை பத்து மணிவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் சாட்சி பேச வழி செய்யாவிட்டால் ஜூரியைக் கலைத்துவிடுவேன், வழக்கு மறுபடி எழும் என்று யாரும் நம்ப வேண்டாம் என்றார்.

வெளியே பெஞ்சில் பெர்னார்டின் மனைவி யூனா உட்கார்ந்திருந்தார். நடந்ததை நீங்கள்தான் போய்ச் சொன்னீர்கள். வேறு யாரையும் சொல்ல விடவில்லை. யூனா அழவில்லை.

"ஆறு வருஷம் டிம்ப்னா. அவன போர்ச்சுகல்லருந்து கொண்டு வந்துட்டீங்க. இவங்கள ட்ரம்லாராவுலருந்து கொண்டுவர முடியல. அப்படித்தான?"

"அப்படித்தான்" என்றீர்கள்.

அன்று மாலையே நீங்கள் மரிவிக் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். காளான் பண்ணைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்று. கூட வந்த ஐவன் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தது ரிமாஸ். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"லிதுவேனியாவுலருந்து இங்க வர ரெண்டாயிரம் கிலோமீட்டர். எவனும் எதுவும் கேக்கல. ஆறு மைலுக்கு என் பொண்டாட்டிய வேன்ல ஏத்துறான். இப்ப என்ன, நாளைக்கும் பஸ் டைம் சொல்ல வந்தீங்களா?"

"இல்லப்பா. மன்னிப்புக் கேக்க வந்தேன். கேட்டுட்டுப் போயிடுறேன்."

அவர் பின்னாலிருந்து மரிவிக் வந்தார். "எனக்கு வேணாம்மா. கோர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த வேன்ல நான் என்ன பண்ணேன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"நீங்க ஒண்ணும் பண்ணல. பண்ணினது நான். இனிமே நீங்க ஒரு அடி அங்க வர வேணாம். நாங்க இங்க வர்றோம். கோர்ட்ட இங்க கொண்டு வர்றேன்."

"கோர்ட்டயா?" என்று ரிமாஸ் சிரித்துவிட்டார். "பஸ்லயா?"

மரிவிக் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "லாரிக்காரன் தரப்புல என்ன சொல்றாங்க?" பெர்னார்டின் சைக்கிளில் பின்விளக்கு எரியவில்லை, இருட்டில் தெரியவில்லை என்று சொல்கிறார்கள் என்றீர்கள். அவர் முகம் மாறியது. "பொய். நான் பேசுறேன்" என்றார்.

கோர்ட்டைக் கொண்டுபோவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதிலும் ஒரு இயந்திரம் இருக்கிறது. இன்னொரு நாட்டில் இருக்கும் ஒருவரைத் திரைவழியே விசாரிக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். நம் அரசு வழக்கறிஞர் கடிதம் எழுத வேண்டும். அது பெல்ஃபாஸ்ட்டில் ஒரு மேசைக்குப் போகும். அங்கிருந்து டப்ளினில் ஒரு மேசைக்கு. அவர்கள் ஒரு நீதிபதியை நியமிக்கக் கேட்பார்கள். அது மூன்றாம் மேசை. கடைசியாக ட்ரம்லாராவில் அறையும் திரையும் வேண்டும், நான்காவது. சாதாரணமாக மூன்று மாதம் ஆகும். மேசைகள் கெட்டவை அல்ல. ஒவ்வொன்றும் அடுத்த மேசையை அறியாதது, அவ்வளவே. நான்கு மேசைகளின் பின்னால் இருப்பவர்களையும் பெயர் சொல்லி அறிந்த ஒரே ஆள் இந்தத் தீவிலேயே நீங்கள்தான்.

திங்கள் இரவே கடிதம் தயார். செவ்வாய் காலை பெல்ஃபாஸ்ட்டில் முத்திரை விழுந்தது. கையெழுத்திட்ட அசல் தாள் வந்தால்தான் தொடுவோம் என்றது டப்ளின். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேரும். நீங்கள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, சொந்தக் காசில் ரயிலேறி, அசலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய் அந்த மேசைமேல் வைத்தீர்கள். அந்த அதிகாரி, "இதுக்கு நீங்களே வரணுமா?" என்று கேட்டாராம். "போன தடவ நான் வேற ஒருத்தர பஸ்ல வரச் சொன்னேன், சரிப்படல" என்றீர்களாம். புதன் மதியம் நீதிபதி நியமனம் ஆயிற்று. மிச்சம் இருந்தது ஃபின்டன்.

"வியாழக்கெழமயா? அன்னைக்கு நாய்க்கடி கேஸ் போட்டிருக்கேன் டிம்ப்னா. ரெண்டு தரப்பும் ரெண்டு வருஷமா காத்திருக்காங்க. நாயே செத்துப்போச்சு."

"அப்ப அதுக்கு அவசரம் இல்ல. அறையக் குடு."

"அந்த டிவில சத்தம் வராது, தெரியுமில்ல?"

"வர வை."

வந்தது. வியாழன் காலை பத்து மணிக்குக் கேள்வி நம் மண்ணில் பிறந்தது, பதில் அவர்கள் மண்ணில் பிறந்தது. சத்தியம் அவர்கள் நீதிபதி முன்னால், வழக்கு நம் நீதிபதி முன்னால். மரிவிக் ஒரு நீலச் சட்டை அணிந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் வேலையைச் செய்தார். அவ்வளவு இருட்டில், அவ்வளவு பதற்றத்தில், ஆறு ஆண்டுக்கு முன்னால், ஒரு சின்ன விளக்கு எரிந்ததா இல்லையா என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும் என்று கேட்டார்.

"அவரே கேட்டாரு. 'என் லைட் எரிஞ்சுதான?'ன்னு என்கிட்ட கேட்டாரு. நான் திரும்பிப் பாத்துட்டு, எரியுதுன்னு சொன்னேன். நான் சொல்றப்பவும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. சைக்கிள் விழுந்து கெடந்த பள்ளத்துக்குள்ள, செவப்பா. அதுக்கப்புறம் அவரு எதுவும் கேக்கல."

கணவர் கடைசியாகப் பேசியது என்ன என்பது யூனாவுக்கு அதுவரை தெரியாது. வழக்கறிஞர் மேலே கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை ஜூரி குற்றவாளி என்றது. யூனா வெளியே வந்து உங்கள் கையைப் பிடித்துச் சொன்னதை ஐவன் கேட்டார்: "லைட்ட அவரு நாள் தவறாம தொடைப்பாரு, டிம்ப்னா. நான் கேலி பண்ணுவேன்."

இந்த இடத்தில் மடலை முடித்திருந்தால் மேலிடத்துக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். முடிக்க முடியாது. ஏனென்றால் நவம்பரில் உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. நீதிமன்ற ஆவணத்தின் அசலை அதிகார எல்லைக்கு வெளியே முன்னனுமதி இன்றி எடுத்துச் சென்றதற்காக எழுத்துமூலக் கண்டனம். முப்பத்தாறு ஆண்டுப் பணிப்பதிவேட்டில் இருக்கும் ஒரே கறை அது. அதைக் கறை என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறோம்: அந்தப் பதிவேட்டில் வாசிக்கத் தகுந்த பக்கம் அது ஒன்றுதான். ஒரு கோடு போட்டவர்கள் யாருக்கும் கண்டனம் இல்லை. திரையை அணைத்தவர்கள், அட்டையைப் பிளாஸ்டிக் ஆக்கியவர்கள், சாட்சியை வேனில் ஏற்றியவர்கள் யாரும் ஒரு வரி விளக்கம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. கோட்டின் இரு பக்கமும் ஓடி ஓடி ஒட்டுப்போட்டவருக்குக் கண்டனம்.

மரிவிக்கின் பெயருக்கெதிரே எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. அதை நீக்கக் கேட்டு நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் வந்த பதில் ஒன்றே: "நடைமுறைப்படியே செயல்பட்டோம்." நான்காவதை இனி நாங்கள் எழுதுவோம். ஐந்தாவதையும் எழுதுவோம். உங்களிடம் வேலை பழகியவர்கள் நாங்கள். மாதம் ஒன்று என்ற கணக்கு எங்களுக்கும் தெரியும்.

போகிற போக்கில் நீங்கள் செய்துவைத்த கடைசி வேலை, எல்லா அழைப்பாணையோடும் இணைக்க ஒரு பக்கம். எந்த நாட்டவர், எந்த அட்டை, எதைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று எளிய சொற்களில், மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல பக்கம். ஒரு சாட்சி உண்மையைச் சொல்லக் கிளம்பும்முன் அதைப் படித்தாக வேண்டும் என்ற நிலை வெட்கக்கேடு.

விருந்தினர் சிலர் வந்ததிலிருந்து எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம். பாலிகெர்ன் அலுவலகத்தின் பிரிவுபசார விழாவை எதற்காக ட்ரம்லாரா ஊர் மண்டபத்தில் வைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். மேலிடமும் கேட்டது, அரசு நிதியை நாட்டுக்கு வெளியே செலவழிக்க முடியாது என்றது. தேநீரும் ரொட்டியும் கேக்கும் எங்கள் செலவு. யாரை அழைக்க வேண்டும் என்று உங்களிடம் பட்டியல் கேட்டோம். நீங்கள் எழுதிய முதல் பெயர், நம் பக்கம் கால் வைக்க முடியாதவருடைய பெயர். ஆகவே நாங்கள் வந்தோம். இன்று மாலை இருபத்திரண்டு பேர் ஒரு பேருந்தில் எல்லையைக் கடந்தோம். யாரும் ஏறிப் பார்க்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்வரிசையில் ரிமாசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலிருந்து இங்கே நடந்தே வந்தார்.

எங்கள் அன்புக்குரிய அம்மையாரே, இனி உங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும். முட்டிவலி உங்களை விட்டு நீங்கட்டும். சனிக்கிழமைகளில் முடி வெட்டிக்கொள்ள எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்வாருங்கள். நூறாண்டு நலமாக வாழ்ந்து, அந்தக் கோடு மறுபடியும் மறந்துபோகும் நாளைக் கண்ணால் பார்த்துவிட்டே போங்கள் என்று உளமார வாழ்த்துகிறோம்.

ட்ரம்லாரா ஊர் மண்டபம்
வெள்ளிக்கிழமை, 27 மார்ச் 2026

இப்படிக்கு,
பாலிகெர்ன் நீதிமன்ற அலுவலகத் தோழர்கள் இருபத்திரண்டு பேர்

மேற்கண்டவர்கள் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்கள்.
சாட்சி: மரிவிக் வைட்குவீனே